முதல்ல பிரேக் மிதிக்கக் கத்துக்குவோம்

ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டியை ஒரு சுத்து சுத்த விடுறது. மழையில வழுக்குற வண்டியை எதிர் ஸ்டியரிங் குடுத்து நேராக்குறது. குறுக்க எதாச்சும் வந்தா படக்குனு கட் அடிச்சு, மறுபடி பழைய இடத்துக்கே வந்து நிக்கிறது. இப்ப ரீல்ஸைத் திறந்தா இதுதான் ஓடுது. கூடவே ஒரு வரி: "அட்வான்ஸ்டு டிரைவிங் கத்துக்கோங்க, ஆபத்துல உங்க உயிரைக் காப்பாத்தும்." அந்த வீடியோ போடுறவங்க மேல எனக்குக் கோபம் இல்லைங்க. அவங்க திறமை நெசம். எனக்கு எரிச்சல் அந்த ஒரு வரி மேலதான். இந்தத் திறமை உயிரைக் காப்பாத்துதா இல்லையான்னு பல நாட்டுல உக்காந்து அளந்தே பாத்திருக்காங்க. வந்த விடை நாம நினைக்கிற மாதிரி இல்ல. மதுரை திருநகர்ல இருந்து திருமங்கலம் பக்கமோ பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கமோ தினமும் கார் எடுக்குற ஒருத்தருக்கு அந்த விடை ரொம்ப முக்கியம்.

நான் சொல்ல வர்றதை முதல்லயே சொல்லிடுறேன். சாதாரணமா குடும்பத்தோட கார் ஓட்டுற ஆளுக்கு சறுக்கலைச் சமாளிக்கிற வித்தையும் கட் அடிக்கிற வித்தையும் வேண்டாம். நம்ம ரோட்டுல அது ஆபத்தைக் கூட்டும். அவருக்கு வேண்டியது பாக்குறதுக்கு அழகே இல்லாத மூணு விஷயம். நேர் கோட்டுல முழு பலத்தோட பிரேக் மிதிக்கிறது. அதுக்கான தூரத்தை முன்னாடியே விட்டு வைக்கிறது. மலையில சின்ன கியர்ல இறங்குறது. இந்த மூணையும் நம்ம ஊர்ல யாரும் முறையாச் சொல்லித் தர்றதில்ல.

முதல்ல நார்வே கதை. பனியும் ஐஸும் உறைஞ்சு கெடக்குற நாடு, வண்டி சறுக்குறது அங்க அன்றாடம். 1979ல லைசென்ஸ் வாங்குறவங்களுக்கு வழுக்குற தரையில பயிற்சியைக் கட்டாயமாக்குனாங்க. நியாயமான யோசனைதானே? கொஞ்ச வருசம் கழிச்சு அதோட விளைவை ஆராய்ஞ்சு பாத்தப்ப, பயிற்சி எடுத்த இளவட்டப் பசங்க வழுக்குற ரோட்டுல முன்னைவிட அதிகமா விபத்துல மாட்டியிருந்தாங்க. பக்கத்து நாடான சுவீடன்ல நில்ஸ் பெட்டர் கிரெகர்சன்ங்கிற ஆய்வாளர் இதோட காரணத்தைத் தேடிப் போனார். புதுசா ஓட்டக் கத்துக்கிறவங்களை ரெண்டு குழுவாப் பிரிச்சார். ஒரு குழுவுக்கு வழுக்குற தரையில பிரேக் போடுற திறமையை நல்லாப் பழக்குனாங்க. இன்னொரு குழுவுக்கு, இந்தத் தரையில நீ நினைச்சபடி வண்டி நிக்காதுன்னு காட்டி மட்டும் விட்டாங்க. அப்புறம் ரெண்டு குழுவுக்கும் ஒரே பரிச்சை. 1996ல வந்த முடிவு என்னன்னா, நெசத் திறமையில ரெண்டு குழுவுக்கும் வித்தியாசமே இல்ல. ஆனா திறமைப் பயிற்சி எடுத்த குழு, நாங்க ரொம்ப நல்லா ஓட்டுவோம்னு கூடுதலா நம்பிக்கிட்டு இருந்துச்சு. கையில வந்தது ஒண்ணுமில்ல, மனசுல மட்டும் தைரியம் ஏறியிருக்கு. அந்தத் தைரியத்தோட ரோட்டுக்குப் போறவன் வேகத்தைக் கூட்டுவான், இடைவெளியைக் குறைப்பான்.

சரி, அது அரைகுறைப் பயிற்சி, முழுசாக் கத்துக்கிட்டா மாறும்ல, அப்படின்னு ஒருத்தர் கேக்கலாம். முழுசாக் கத்துக்கிட்டவன்னா ரேஸ் ஓட்டுறவன்தான். அமெரிக்காவுல வில்லியம்ஸ், ஓ'நீல்னு ரெண்டு ஆய்வாளர்கள் ரேஸ் லைசென்ஸ் வச்சிருந்தவங்களோட சாதா ரோட்டு ரெக்கார்டை எடுத்து, அதே வயசுள்ள மத்தவங்களோட ஒப்பிட்டாங்க. 1974ல வெளியிட்டாங்க. ரேஸ்காரங்களுக்கு விதிமீறல் அதிகம். விபத்தும் மொத்தத்துல அதிகம். அவங்க கூடுதல் தூரம் ஓட்டியிருப்பாங்கன்னு ஒரு சமாதானம் சொல்லலாம், ஒத்துக்கிறேன். ஆனா வண்டியைக் கையாளுற திறமைதான் பாதுகாப்புன்னா, உலகத்துலயே அந்தத் திறமை அதிகம் இருக்குற கூட்டத்துக்கு விபத்து கண்ணுல படுற அளவுக்காவது கம்மியா இருக்கணும்ல? இல்லையே.

இங்க ஒரு நல்ல எதிர்க்கேள்வி வரும். "அப்ப ஏபிஎஸ், இஎஸ்சி மாதிரி பாதுகாப்புக் கருவியும் தைரியத்தைக் கூட்டித்தானே விடும்? அதையும் வேண்டாம்ங்கிறீங்களா?" இந்தக் கேள்வியை ஜெர்மனி மியூனிக்ல டாக்ஸிகளை வச்சே கேட்டுப் பாத்திருக்காங்க. 1980கள்ல ஒரே கம்பெனி டாக்ஸிகள்ல கொஞ்சத்துக்கு ஏபிஎஸ் (பிரேக் அடிக்கிறப்ப சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற கருவி) இருந்துச்சு, மிச்சத்துக்கு இல்ல. விபத்துக் கணக்குல பெரிய வித்தியாசம் வரல. ஏபிஎஸ் இருக்குன்னு தெரிஞ்ச டிரைவர்கள் வளைவுல வேகமாத் திருப்புனாங்க, முன்னாடி வண்டியை ஒட்டிப் போனாங்க. கிடைச்ச பாதுகாப்பை வேகமா மாத்திக்கிட்டாங்க. ஆனா இஎஸ்சி கதை வேற. வண்டி சறுக்க ஆரம்பிச்ச உடனே, எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதுக்கு மட்டும் தானா பிரேக் போட்டு வண்டியை நேராக்குற கருவி அது. 1995ல மெர்சிடிஸ் கார்ல வந்துச்சு. 1997ல சுவீடன்ல ஒரு பத்திரிகை, மூஸ் மான் குறுக்க வந்தா கட் அடிக்கிற மாதிரி ஒரு சோதனை வச்சப்ப மெர்சிடிஸ் ஏ கிளாஸ் கார் கவிழ்ந்து போய், கம்பெனி அந்த மாடல் முழுக்க இந்தக் கருவியைப் போட வேண்டியதாச்சு. அமெரிக்க ஆய்வுகள்படி, ஒத்தை வண்டி தானாக் கட்டுப்பாடு இழந்து உயிர் போற விபத்தை இது ஏறக்குறைய பாதியாக் குறைச்சிருக்கு. ஏன் இது மட்டும் வேலை செய்யுது? பெரும்பாலான நேரம் அது வேலை செஞ்சதே ஓட்டுறவனுக்குத் தெரியாது. பெருமைப்பட அதுல ஒண்ணுமில்ல, அதனால அதை நம்பி வேகம் கூட்டவும் தோணாது. நம்ம நாட்டுல 2023 அக்டோபர்ல தொடங்குன பாரத் என்கேப்ங்கிற கார் பாதுகாப்புச் சோதனையில 3 ஸ்டாரும் அதுக்கு மேலயும் வாங்கணும்னா வண்டியில இது இருக்கணும்.

அதாவது சறுக்குற வண்டியை நேராக்குற வேலையை இப்ப வண்டியே பாத்துக்குது. கார் வாங்கப் போறீங்கன்னா சன்ரூஃபைக் கேக்குறதுக்கு முன்னாடி இஎஸ்சி இருக்கான்னு கேளுங்க.

இப்ப நம்ம ரோட்டுக்கு வருவோம். கட் அடிக்கிற பயிற்சிக்குப் பின்னாடி ஒரு கணக்கு ஒளிஞ்சிருக்கு. பக்கத்து லேன் காலியா இருக்கும்ங்கிற கணக்கு. பயிற்சி மைதானத்துல பிளாஸ்டிக் கூம்பு வச்சிருப்பாங்க, சுத்தி வேற எதுவும் இருக்காது. திருநகர் ரெண்டாவது ஸ்டாப்புல சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க காருக்கு இடது பக்கம் என்ன இருக்கும்? ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல்ல மூணு பேர். அவங்களுக்கு அந்தப் பக்கம் ஷேர் ஆட்டோ. வலது பக்கம் சென்டர் மீடியன், அதுல இறங்கிக் குறுக்க வரக் காத்துக்கிட்டு நிக்கிற ஆளுக. நாய் குறுக்க ஓடுதுன்னு நீங்க ரீல்ஸ்ல பாத்த மாதிரி கச்சிதமாக் கட் அடிச்சீங்கன்னு வைங்க. நாய் தப்பிச்சுரும். நீங்களும் தப்பிச்சுருவீங்க. அந்த எக்ஸ்எல்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குல 2022ல நாடு முழுக்க ரோட்டுல செத்தவங்க 1,68,491 பேர். அதுல 44.5 சதவீதம் டூவீலர்ல போனவங்க, 19.5 சதவீதம் நடந்து போனவங்க. நூத்துக்கு அறுபத்தி நாலு பேருக்குச் சுத்தித் தகரம் கிடையாது. அதே வருசம் 64,105 விபத்தோட எண்ணிக்கையில முதல் இடம் நம்ம தமிழ்நாட்டுக்கு. செத்தது 17,884 பேர். இந்த நெலமையில அவசர காலத்துல கார் ஓட்டுற திறமைன்னா முதல்ல பாக்க வேண்டியது, காருக்குள்ள இருக்குறவன் தப்பிச்சானாங்கிறது இல்ல. காருக்கு வெளிய இருக்குறவர் தப்பிச்சாராங்கிறதுதான். கட் அடிக்கிறது ஆபத்தை இன்னொருத்தர் பக்கம் தள்ளி விடுற வேலை. பிரேக் அப்படி இல்ல, எல்லாருக்கும் சேர்த்து ஆபத்தைக் குறைக்கும். நேரா, சொந்த லேன்லயே நிக்கிற வண்டிதான் மத்தவங்க கணிக்கக் கூடிய வண்டி. உயரமான எஸ்யூவியா இருந்தா இன்னொண்ணும் இருக்கு. வேகத்துல அதை வெடுக்குனு திருப்புனா கவிழ்ற வாய்ப்பு தாழ்வான காரைவிட அதிகம்.

வேகத்தைப் பத்தி ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன், பொறுமையாப் பாருங்க. கப்பலூர் பக்கம் நாலுவழிச் சாலையில ஒரு கார் 80ல போகுது, இன்னொண்ணு 100ல போகுது. ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல ஒரு தடை கண்ணுல படுது. கண்ணு பாத்து, மூளை புரிஞ்சு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை செகண்ட் வைப்போம். 80ல போறவர் அதுக்குள்ள 33 மீட்டர் போயிருவார். காஞ்ச நல்ல ரோட்டுல முழு பிரேக் அடிச்சா இன்னொரு 36 மீட்டர். மொத்தம் 69 மீட்டர்ல நின்னுட்டார். 100ல போறவருக்கு யோசிக்கவே 42 மீட்டர், நிக்க 56 மீட்டர், ஆக மொத்தம் 98. இதுல உறைக்க வேண்டிய விசயம் இன்னொண்ணு. முதல் கார் முழுசா நின்ன அந்த 69வது மீட்டர்ல ரெண்டாவது கார் என்ன வேகத்துல இருக்கும்? பெரும்பாலானவங்க 20, 30ன்னு சொல்வாங்க. ஏறக்குறைய 70! சரி, 100ல போறவர் பெரிய திறமைசாலி, மத்தவங்களைவிட அரை செகண்ட் முன்னாடியே பிரேக்கை மிதிச்சுட்டார்னு வச்சுக்குவோம். அவருக்கு 14 மீட்டர் மிச்சம். அப்பவும் அந்த 69வது மீட்டரை அவர் 50 கிமீ வேகத்துல கடக்குறார். 80ல போன சாதாரண ஆள் நின்னுட்டார், 100ல போன கில்லாடி மோதிட்டார். வேகத்தை 20 குறைச்சா கிடைக்கிற 29 மீட்டரை எந்தப் பயிற்சியும் குடுக்க முடியாது.

"நான் ஒழுங்காத்தான் போறேன், அடுத்தவன் பண்ற தப்புக்கு நான் என்ன செய்ய? அதுக்குத்தானே திறமை வேணும்?" இதுதான் நம்ம ஊர்ல அதிகம் கேக்குற கேள்வி. நியாயமானதும்கூட. நாலுவழிச் சாலையில எதிர்த் திசையில பைக் வருது. ராத்திரி பின்லைட் இல்லாம லாரி ஓரத்துல, சில நேரம் ஓரத்துலகூட இல்லாம, நிக்குது. அந்த லாரியையே எடுத்துக்குவோம். லைட்டை டிம்முல வச்சா, வெளிச்சம் இல்லாத கருத்த பொருள் பெரும்பாலும் 50 மீட்டர் வாக்குல வந்தாத்தான் கண்ணுக்குத் தட்டுப்படும். 80ல வர்ற வண்டி நிக்க 69 மீட்டர் வேணும்னு இப்பத்தான் பாத்தோம். கையில இருக்குற தூரத்தைவிட வேண்டிய தூரம் அதிகம். இங்க திறமை வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்த லாரியை அப்படி நிறுத்துனது லாரிக்காரர் தப்பு, சந்தேகமே இல்ல. ஆனா அந்தத் தப்பை ரத்து பண்ற சக்தி ஒண்ணுக்குத்தான் உண்டு: வெளிச்சம் விழுற தூரத்துக்குள்ள நிக்கிற வேகம். எதிர்ல வண்டி இல்லாதப்ப ஹைபீம் போடுறதும், வந்தா டிம் பண்ணிட்டு வேகத்தையும் சேர்த்துக் குறைக்கிறதும் சின்ன விசயமாத் தெரியும். ராத்திரி நேரத்து உச்சகட்டத் திறமையே அதுதான்.

அப்ப எதையுமே கத்துக்க வேண்டாமா? வேணும், கண்டிப்பா வேணும். முதல்ல பிரேக்.

நம்மள்ல முக்கால்வாசிப் பேர் நம்ம காரோட முழு பிரேக்கை வாழ்க்கையில மிதிச்சதே கிடையாது. இது நம்ம ஊர்க் குறை மட்டும் இல்லைங்க. 1990கள்ல மெர்சிடிஸ்காரங்க சிமுலேட்டர்ல ஆளுகளை உக்கார வச்சு ஆராய்ஞ்சப்ப, ஆபத்துல பெரும்பாலானவங்க வேகமாத்தான் காலை வைக்கிறாங்க, ஆனா அழுத்தம் பத்தலன்னு கண்டுபிடிச்சாங்க. மிதிச்சது பாதி பிரேக். அந்தக் குறையை நிரப்பத்தான் 1996ல பிரேக் அசிஸ்ட்னு ஒரு கருவியே வந்துச்சு. இதுல ஏபிஎஸ் சேர்ந்தா இன்னொரு சிக்கல். 2019 ஏப்ரல்ல இருந்து நம்ம நாட்டுல விக்கிற எல்லாப் புது கார்லயும் ஏபிஎஸ் கட்டாயம். சக்கரம் லாக் ஆகாம அது பாத்துக்கும், அதனால பிரேக்கை அழுத்திக்கிட்டே ஸ்டியரிங்கும் திருப்பலாம். ஆனா அது வேலை செய்யுறப்ப பெடல் கடகடன்னு உதறும், காலுக்கடியில எதோ உடையுற மாதிரி சத்தம் வரும். இதை முன்னப்பின்ன அனுபவிக்காத ஆள் வண்டிக்கு எதோ ஆயிருச்சுன்னு பயந்து காலை எடுத்துருவார். எந்த நொடியில எடுக்கவே கூடாதோ அந்த நொடியில. பழைய வண்டியில பழகுன மூத்தவங்க விட்டு விட்டு மிதிப்பாங்க, ஏபிஎஸ் இல்லாத காலத்துல அது சரியான பழக்கம். இப்ப அது தூரத்தைக் கூட்டும். மிதி, அழுத்திப் பிடி, விடாதே. சொன்னா மூணு வார்த்தை, கால் அதை நம்பணும்னா ஒரு தடவையாவது அந்த உதறலை அனுபவிச்சிருக்கணும்.

இதை எப்படிக் கத்துக்கிறது? ரோட்டுல இல்ல, அதை முதல்லயே சொல்லிடுறேன். சுத்தி யாரும் வர முடியாத பெரிய காலி இடம், சொல்லித் தரத் தெரிஞ்ச ஆள் பக்கத்துல, டயர்ல சரியான காத்து, காருக்குள்ள உருளுற சாமான் எதுவும் கூடாது. சீட்டை முன்னாடி இழுத்து, பிரேக்கை முழுசா அழுத்துனாலும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்குற மாதிரி உக்காரணும் (சாஞ்சு படுத்துக்கிட்டு ஓட்டுறவங்க காலை நீட்டித்தான் பெடலைத் தொடுறாங்க, அந்தக் கால்ல முழு பலம் வராது). முதல்ல 30, அப்புறம் 40, அப்புறம் 60. நேரா, முழு பலத்தோட, நிக்கிற வரைக்கும். அது பழகுனதும் பிரேக்கை அழுத்திக்கிட்டே லேசா ஒதுங்குறது. ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுரும்.

இங்க ஒருத்தர் என்னை மடக்கலாம். "சுவீடன் கதையை நீங்கதானே சொன்னீங்க. பிரேக் பயிற்சியும் வீண் தைரியத்தைத்தானே குடுக்கும்?" குடுக்கும், தப்பாச் சொல்லித் தந்தா. அதே சுவீடன் ஆய்வுலதான் இதுக்குப் பதிலும் இருக்கு, ரெண்டாவது குழுவுக்கு என்ன காட்டுனாங்கங்கிறதுல. ஒவ்வொரு தடவை பிரேக் அடிக்கிறதுக்கு முன்னாடியும், வண்டி எங்க நிக்கும்னு கத்துக்கிறவரையே கேட்டு, அவர் சொல்ற இடத்துல கூம்பு வைக்கணும். 40ல கிட்டத்தட்டச் சரியாச் சொல்லுவார். அதை வச்சு 60க்கு ஒரு குத்துமதிப்பு போடுவார். வேகம் ஒன்றரை மடங்கு கூடுனா பிரேக் தூரம் ரெண்டே கால் மடங்கு கூடும்ங்கிறது அவர் மனசுக்கு இன்னும் தெரியாது. கூம்பைத் தாண்டித்தான் வண்டி நிக்கும். அந்தக் கூம்பு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையா இருந்திருந்தான்னு வாத்தியார் வாயால சொல்ல வேண்டியதில்ல, கத்துக்கிறவருக்கே தோணும். நான் எல்லாத்தையும் சமாளிப்பேன்ங்கிற நினைப்போட வீட்டுக்கு அனுப்புற பயிற்சியும், நிக்க இவ்வளவு தூரம் ஆகுமாங்கிற நினைப்போட அனுப்புற பயிற்சியும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். ரோட்டுல குடுக்குற பலன் நேர் எதிர்.

மழையில வழுக்குறதுக்கும் இதே நியாயந்தான். மதுரையில மாசக்கணக்கா வெயில் காஞ்சு, ரோட்டுல எண்ணெயும் தூசியும் ரப்பரும் படிஞ்சு கெடக்கும். திடீர்னு கோடை மழை கொட்டுன முதல் கொஞ்ச நேரம்தான் ரோடு அதிகமா வழுக்கும், அப்புறம் கழுவிட்டுப் போயிரும். ஈர ரோட்டுல பிடிமானம் குறைஞ்சா, 80ல 69 மீட்டர்னு சொன்னது 95ஐத் தாண்டிரும். தண்ணி தேங்கி நின்னா இன்னும் மோசம், டயர் ரோட்டைத் தொடாம தண்ணி மேல மிதக்கும். 33 பிஎஸ்ஐ காத்து இருக்குற டயர் 95 கிமீ வாக்குல மிதக்கத் தொடங்கும்னு விமான டயரை வச்சு நாசாக்காரங்க 1960கள்ல போட்ட ஒரு கணக்கு இருக்கு. காத்து கம்மின்னா, பட்டன் தேஞ்சிருந்தா, அதுக்கு முன்னாடியே மிதந்துரும். மிதக்குற வண்டிக்கு எதிர் ஸ்டியரிங் குடுத்தா என்ன ஆகும்? எதுவும் ஆகாது, சக்கரம் எதையும் பிடிக்கலையே. ஆக்ஸிலேட்டரை மெதுவா விட்டு, ஸ்டியரிங்கை நேராப் பிடிச்சுக் காத்திருக்கிறது ஒண்ணுதான் வழி. அதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது மழைக்காலத்துக்கு முன்னாலயே டயரைப் பாக்குறது. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டர்ங்கிறது சட்டம் சொல்ற கடைசி எல்லை. அதுவரைக்கும் தேய விட்டுட்டு மாத்தலாம்னு இருக்காதீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு நெசமாவே ஒரு உச்சகட்ட ஓட்டம் இருக்குன்னா அது மலைதான். லீவு விட்டா வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல், இல்ல தேனி, போடி வழியா மூணார். ஏறுறதுக்கு எல்லாரும் பயப்படுவாங்க, ஆனா ஆபத்து இறங்குறதுலதான். கொடைக்கானல்ல இருந்து வத்தலக்குண்டுக்கு ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம் இறங்குறோம். அந்த உயரத்துல இருக்குற சக்தி எங்கயாச்சும் போய்த்தான் ஆகணும். அதை முழுக்கப் பிரேக்கே வாங்குனா, 100 கிமீ வேகத்துல ஓடுற காரை நாப்பத்தஞ்சு தடவை நிறுத்துற அளவு சூடு அந்தச் சின்னத் தகட்டுல ஏறும். காத்தும் ரோட்டு உரசலும் கொஞ்சத்தை வாங்கிக்கும், மிச்சத்தை யார் வாங்குறதுங்கிறதுதான் கேள்வி. செகண்ட் கியர்ல இறங்குனா இன்ஜின் வாங்கிக்கும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா பிரேக்தான் வாங்கணும். சூடு ஏற ஏற பிரேக் பேடோட பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் பழசாகித் தண்ணி சேர்ந்திருந்தா கொதிச்சுக் குமிழி கட்டும், அப்புறம் பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும். சிலர் இன்ஜினையே அணைச்சுட்டு இறங்குவாங்க, அதைவிட மோசம் வேற இல்ல. பிரேக்குக்கு உதவி பண்ற வேக்கமும் போகும், பவர் ஸ்டியரிங்கும் போகும். (இன்னொரு பழைய நம்பிக்கையையும் சொல்லிடுறேன்: இப்ப வர்ற வண்டியில கியர்ல போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்குறப்ப இன்ஜினுக்குப் பெட்ரோலே பெரும்பாலும் போறதில்ல. நியூட்ரல்ல விட்டாத்தான் இன்ஜின் ஓடுறதுக்குக் குடிக்கும். மிச்சம் புடிக்கிறதா நினைச்சுக் கூடுதலாச் செலவு பண்றோம்.) ஏற எந்த கியரோ இறங்கவும் அதே கியர்னு பழைய லாரி டிரைவர்கள் சொல்றது இந்தக் கணக்கைத்தான். ஆட்டோமேட்டிக் வண்டி வச்சிருக்கிறவங்க 'L' கியரோ மேனுவல் மோடோ எங்க இருக்குன்னு மலையடிவாரத்துலயே பாத்து வச்சுக்கணும்.

"போலீஸ்காரங்க, விஐபி பாதுகாப்புல இருக்குறவங்க எல்லாம் கத்துக்கிறாங்களே?" கத்துக்கிறாங்க. ஆனா அவங்க என்ன கத்துக்கிறாங்கன்னு பாக்கணும். உலகத்துல பேர் போன போலீஸ் டிரைவிங் பள்ளிக்கூடம் லண்டன்ல ஹெண்டன். 1930கள்ல அதுக்குப் பயிற்சி முறையை வகுத்தவர் கோட்டன்ஹாம் பிரபு. அவர் ஆல்விஸ், சன்பீம் கார்ல ரேஸ் ஓட்டுனவர். அப்படிப்பட்டவர் போலீசுக்கு வித்தை காட்டச் சொல்லித் தரல. ஒவ்வொரு ஆபத்துக்கும் முன்னாடி பாக்கணும், எங்க போறோம்னு முடிவு பண்ணணும், வேகத்தைக் குறைக்கணும், கியரை மாத்தணும், அப்புறம்தான் திரும்பணும்னு ஒரு வரிசையைச் சொல்லித் தந்தார். 1955ல இருந்து ரோட்கிராஃப்ட்ங்கிற புத்தகமா வர்றது அந்த முறைதான். ரேஸ் விசயமும் அப்படித்தான். 2025 ஜனவரியில துபாய்ல 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமார் அணி தன் பிரிவுல மூணாவது வந்துச்சு, நமக்கெல்லாம் சந்தோசம். அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பயிற்சியில அவர் கார் தடுப்புல மோதிச் சுத்துனதையும் பாத்தோம். இரும்புக் கூண்டு, ஹெல்மெட், பெல்ட்டு, விலகி ஓட இடம், கொடி காட்ட ஆள், எல்லா வண்டியும் ஒரே திசை. அவ்வளவு ஏற்பாடு இருக்குற இடத்துலதான் வண்டியோட எல்லையைத் தேடணும். அந்த ஆசை இருக்குறவங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் இருக்கு, கோயம்புத்தூர் செட்டிப்பாளையம் இருக்கு. போங்க, நல்லா ஓட்டுங்க. அதை ரோட்டுப் பாதுகாப்புன்னு மட்டும் பேர் வைக்காதீங்க.

அவசர ஓட்டம்னா தினமும் அதைச் செய்யுறவங்க நம்ம கண்ணு முன்னாடியே இருக்காங்களே. 2008ல இருந்து தமிழ்நாட்டுல ஓடுற 108 ஆம்புலன்ஸ். அதை ஓட்டுறவரைப் பைலட்னுதான் கூப்பிடுறாங்க. திருநகர்ல இருந்து பெரியாஸ்பத்திரிக்கு சுமார் 10 கிமீ. சராசரி 40ல போனா கால் மணி நேரம், சராசரி 60ல போனா பத்து நிமிசம். அந்த அஞ்சு நிமிசம் பெருசுதான். ஆனா பழங்காநத்தத்துக்கும் பெரியாருக்கும் நடுவுல 90ல பறக்குறதால அந்தச் சராசரி கூடாது. நெரிசல்ல நிக்காம இருந்தாத்தான் கூடும். அது பைலட் கையில இல்ல, முன்னாடி போற நம்ம கையில இருக்கு. வழி விடாட்டி மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவுல 10,000 ரூபாய் அபராதம். கண்ணாடியை அடிக்கடி பாத்து, சைரன் கேட்ட உடனே இண்டிகேட்டர் போட்டு, பதறாம ஒதுங்குறதும் அவசர ஓட்டத் திறமைதான்.

இதெல்லாம் எங்க கத்துக்கிறது? டிரைவிங் டெஸ்ட்டுன்னா நம்ம மனசுல வர்றது எட்டு போடுறதும் ரிவர்ஸ் எடுக்குறதும். ரெண்டுமே நடக்குற வேகத்துல நடக்குற சோதனை. ஆனா 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 15வது விதியை எடுத்துப் படிங்க. லைசென்ஸ் கேக்குறவர் செஞ்சு காட்ட வேண்டிய பட்டியல்ல, அவசரத்துல வண்டியை நிறுத்துறதும் இருக்கு. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலா எழுத்துல இருக்கு. புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இருக்குறதைச் செஞ்சா போதும். 2021 ஜூலையில இருந்து அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கு மத்திய அரசு ஒரு பாடத்திட்டம் வச்சிருக்கு. காருக்கு மொத்தம் 29 மணி நேரம், அதுல 21 மணி நேரம் வண்டியில, சொந்தமா ஓடுதளமும் இருக்கணும். அந்த 21ல ஒரு மணி நேரத்தை முழு பிரேக்குக்கும் கூம்புக்கும் ஒதுக்கச் சொல்லி, பிள்ளைகளைச் சேர்க்குற நாமதான் கேக்கணும். சாதாரண டிரைவிங் ஸ்கூல்லயும் பணம் கட்டுறப்பவே கேக்கலாம்: "அண்ணே, ஏபிஎஸ் உதறுறதைப் பிள்ளைக்கு ஒரு தடவை காட்டுவீங்களா? எந்த மைதானத்துல?" நாலு பேர் தொடர்ந்து கேட்டா அவங்க ஒரு மைதானத்தைப் பாத்துருவாங்க.

டயர் தேயுமேம்பாங்க. தேயும்தான். ஏபிஎஸ் வண்டியில சக்கரம் லாக் ஆகாததால நினைக்கிற அளவுக்குத் தேயாது. அந்தத் தேய்மானத்துக்குத் தனியா ஒரு தொகை கேட்டா, குடுத்துட்டு வாங்க.